தண்ணி குடிப்பாரா?

எனக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். அதில் மல்டிபிள் மைலோமா என்று ஒரு வகை. அது என்னைக் கொல்லப் பார்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நோயின் வேலை அது. நோய்க்குக் கைகொடுத்த ஆட்கள் மேல்தான் கோபம். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பது இன்னும் எரிச்சல். இரத்தத்தில் கால்சியம் ஏறி, இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற நிலையில் இருந்தவனை, குடிகாரன் என்று முடிவு கட்டி இரண்டு நாள் கட்டிலில் கட்டிப்போட்டார்கள். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு பீர் குடித்தவன் இல்லை.

எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. ஜார்ஜ்டவுனில் ஒன்று, அவ்வளவுதான். இந்த முட்டாள்தனம் எந்த வார்டிலும் நடக்கும். இப்போது மருந்துச் சுற்றுகளுக்கு நடுவில் சில நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, படுத்தால் கோபம் வருகிறது. உட்கார்ந்து எழுதுவது பரவாயில்லை.

நான் இந்தத் தீவிலேயே பாயான் பாருவில் குடியிருப்பவன். வேலை, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுவது. விடியும் முன் அடுக்குமாடி வீடுகளின் கீழே காத்திருக்கும் பெண்களை ஏற்றி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, இரவு வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். எனக்குப் பின்னால் நாற்பது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். என்னை நம்பித் தூங்குகிறார்கள். அதனால்தான் குடிப்பதில்லை. சாமி, விரதம், சத்தியம் எதுவும் காரணம் இல்லை.

சென்ற வருடம் முதுகு வலி தொடங்கியது. பேருந்து ஓட்டுபவனுக்கு முதுகு வலி என்றால் கேட்பவர்களுக்கு அவ்வளவு நிம்மதி. காரணம் தேட வேண்டியதில்லை அல்லவா. கிளினிக் டாக்டர் என் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “டிரைவரா? அப்படித்தான் இருக்கும்” என்று வலி மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் அதையே விழுங்கினேன். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த என் சிறுநீரகத்தை அந்த மாத்திரை மேலும் கெடுத்தது என்று பிறகு தெரிந்தது. ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

அடுத்த டாக்டர் என் சகலை குணா. என் மனைவி சாந்தியின் தங்கை கணவன். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. மாலையானால் சத்து மாத்திரை விற்பான். டப்பாவோடு வீட்டுக்கு வந்தான்.

“அண்ணே, எலும்பு தேயுது. ஒடம்புல கால்சியம் இல்ல. இத ஒரு மாசம் சாப்ட்டுப் பாருங்க லா. எங்க குரூப்புல ஒருத்தரு வீல்சேர்ல இருந்தவரு, எழுந்து ஓடுனாரு.”

“யாராச்சும் தொரத்துனாங்களா?”

“சிரிக்காதீங்கண்ணே. நெசமா சொல்றேன்.”

சிரிக்காமல் வாங்கித் தின்றேன். சாந்தியின் தங்கைக்காக.

என் எலும்பில் கால்சியம் குறைந்தது உண்மைதான். அது எங்கே போனது என்று மட்டும் எவனும் கேட்கவில்லை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒரு வகை அணு கட்டுப்பாடு இல்லாமல் பெருகி, எலும்பையே அரிக்க வைக்கிறது. இதுதான் மைலோமா. அரிபட்ட எலும்பின் கால்சியம் இரத்தத்தில் வந்து விழுகிறது. அது ஏற ஏற, சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. ஓயாமல் சிறுநீர் போகும், ஓயாமல் தாகம் எடுக்கும். மலம் இறுகும், குமட்டும். பிறகு மூளை குழம்பும். கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரத்தம் கால்சியத்தால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது மேலும் கொண்டுவந்து ஊற்றியவன் குணா. ஊற்றியதற்குக் காசும் வாங்கிக்கொண்டான்.

எனக்கோ தாகம். அப்படி ஒரு தாகத்தை நான் அறிந்ததில்லை. குடித்த கையோடு நாக்கு மறுபடி காய்ந்துவிடும். சாந்தி ஒரு பெரிய ஜக்கில் தண்ணீர் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைப்பாள். நான் எழுந்து சமையலறைக்கு நடந்தால் முதுகு வலிக்குமே என்று, கேட்காமலே நிரப்புவாள். இனிப்புநீராக, அதாவது சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று விரலில் குத்திப் பார்த்தோம். இல்லை. அதோடு எல்லாருக்கும் திருப்தி. வெயில் அதிகம் என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தொழிற்சாலை இருக்கும் பாயான் லெப்பாஸுக்குப் போக வேண்டிய பேருந்தை, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏற்றிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. முன் இருக்கையில் உட்காரும் கலா என்ற பெண் பிறகு வந்து சொன்னது.

“அண்ணே, எங்க போறீங்க? இது பாலம்!” என்று அவள் கத்தியிருக்கிறாள்.

“தெரியும், ஒக்காரும்மா. பள்ளிக்கூடத்துக்கு லேட்டாயிருச்சு” என்றேனாம் நான்.

கடல்மேல் போகும் நீண்ட பாலம். பாதியில் திரும்ப வழி இல்லை. அந்தப் பக்கம் பத்து காவானில் இறங்கி, சாலையோரம் ஒழுங்காக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேனாம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்றைக்கு யாராவது உருப்படியாக ஒரு காரியம் செய்தார்கள் என்றால் அது நான் மட்டும்தான்.

“டிரைவர் மப்புல இருக்காரு” என்று யாரோ தொழிற்சாலைக்குப் போன் செய்துவிட்டார்கள். பக்கத்தில் வேலை செய்த குணா கேள்விப்பட்டு வந்து என்னைத் தன் காரில் ஏற்றினான். எங்கே கொண்டுபோனான்? வீட்டுக்கு. “தூங்கி எழுந்தா தெளிஞ்சிரும்க்கா” என்று சாந்தியிடம் ஒப்படைத்தான். சாயங்காலம் வாந்தி நிற்கவில்லை, பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மருத்துவமனை.

அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தது ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். சாந்திக்கு நிம்மதியாகப் போய்விட்டது. தமிழில் பேசலாமே! அந்தப் பெண் சாந்தியை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டிருக்கிறாள்:

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிள் தண்ணி குடிப்பாரா?”

“ஆமா டாக்டர்! அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்.”

“ரொம்ப குடிப்பாரா?”

“இப்ப கொஞ்ச நாளா சொல்லவே முடியல. காலைல கண்ணத் தொறந்தவொடனே வேணும். நைட்ல எழுந்து எழுந்து குடிக்கிறாரு. பஸ்லகூட போத்தல் வச்சிருக்காரு.”

“பஸ்லயா?”

“ஓட்டிக்கிட்டே குடிப்பாரு.”

“நீங்க ஒன்னும் சொல்றதில்லயா ஆன்ட்டி?”

“நான் எதுக்குச் சொல்றேன்? நான்தானே ஊத்தி வைக்கிறேன்.”

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கேட்டவளும் நல்லவள், சொன்னவளும் நல்லவள். தண்ணி போடுவாரா, தண்ணி அடிப்பாரா என்று கேட்டிருந்தால் சாந்தி செருப்பைக் கழற்றியிருப்பாள், அன்றைக்கே எல்லாம் தெளிந்திருக்கும். ஆனால் தாய் வயதுப் பெண்ணிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லையாம். அதனால் ‘போடுவாரா’வை எடுத்துவிட்டு ‘குடிப்பாரா’ என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அவள் மரியாதையும் என் மனைவியின் நேர்மையும் சேர்ந்து என்னைப் பாடையில் ஏற்றப் பார்த்தன. மருத்துவமனைக்குக் கூடவே வந்திருந்த குணா, அங்கேயும் பின்னால் போய் நின்றிருக்கிறான். “எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகம்தான் டாக்டர்” என்று தன் பங்குக்கு ஒன்று போட்டிருக்கிறான்.

அவ்வளவுதான், முடிந்தது. இந்தியன், பஸ் டிரைவர், ஐம்பது தாண்டியவன், கை நடுங்குகிறது, உளறுகிறான். இதற்கு மேல் எதற்கு யோசிக்க வேண்டும்? குடிப்பழக்கம் உள்ளவனுக்குத் திடீரென்று குடி கிடைக்காமல் போனால் நடுக்கமும் பிதற்றலும் வரும். அதற்கான வைத்தியத்தை எனக்குச் செய்தார்கள். வைட்டமின் ஊசி, தூக்க மருந்து, எழுந்து ஓடாமலிருக்கக் கையில் துணிக்கட்டு. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டிருப்பதும் இரத்தம் குறைந்திருப்பதும் தெரிந்தன. குடிகாரனுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கால்சியம் அந்தப் பரிசோதனையில் சேராது. தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். யாரும் கேட்கவில்லை.

தூக்க மருந்துக்கும் மேல் தாகம் இருந்தது. நான் “தண்ணி, தண்ணி” என்று கத்திக்கொண்டே இருந்தேனாம். பக்கத்துக் கட்டில்காரர், தமிழர், தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்: “இங்க வந்தும் தண்ணி கேக்குது பாரு ஜென்மம்.” அவர்கள் சாந்தியைப் பாவமாகப் பார்த்திருக்கிறார்கள். சாந்தியோ, என் புருஷன் நோயில் கிடக்கிறான் என்று பாவப்படுகிறார்கள் போல என்று நினைத்து, அவர்களுக்கு பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு, மயக்கத்தில் புரையேறும் என்று தண்ணீர் கொடுக்க விடாததால், பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வார்டில் சரியான வைத்தியத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது அந்தப் பஞ்சு மட்டும்தான்.

குணா சும்மா இருப்பானா? குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அண்ணன் குடியை விட வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள், நான் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறேன் என்று. தண்ணியை விடத் தண்ணீர்மலை! அதற்கு முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்களும் அதில் உண்டு. “அவன் குடிக்க மாட்டானே” என்று ஒரு நாயும் எழுதவில்லை. சாந்தி போனைப் பார்க்கும் நிலையில் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்த இளம் டாக்டர் சாந்தியிடம் வந்தாள். குடியை நிறுத்த ஆலோசனை சொல்பவரிடம் அனுப்பலாம், அதற்கு விவரம் வேண்டும் என்று.

“ஆன்ட்டி, அங்கிள் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாரு?”

“பெரிய ஜக்குல ஆறு, ஏழு.”

“ஜக்கா? பீரா?”

“பீரா? எதுக்குப் பீரு?”

“அப்ப... சம்சுவா?”

மலிவுச் சாராயத்தின் பெயரைக் கேட்டதும் சாந்தி எழுந்து நின்றுவிட்டாள். அவள் சத்தம் போட்டு இருபது வருடம் ஆகிறது. அன்று போட்டாள்.

“என்னா டாக்டர் பேசுறீங்க? தண்ணி! பச்சத் தண்ணி! ஃபில்டர்ல புடிக்கிற தண்ணி! கல்யாண வீட்டுலகூட குடிக்கிறவன் பக்கத்துல ஒக்காராத மனுசன் அவரு!”

“வெறும் தண்ணியா ஆன்ட்டி?”

“ஆமா! குடிக்கிறாரு, ஒன்னுக்குப் போறாரு, வந்து திருப்பிக் குடிக்கிறாரு. முதுகு வலின்னு அழுவுறாரு. வெளிக்கிப் போயி ஒரு வாரம் ஆவுது. இதெல்லாம் யாரு கேட்டீங்க?”

அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை என்று சாந்தி சொல்வாள். உடனே ஓடியிருக்கிறாள். அவளே ஊசியோடு திரும்பி வந்து இரத்தம் எடுத்து, அவளே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். முடிவை அச்சடித்து அனுப்பும் வரை ஆய்வுக்கூடத்தார் காத்திருக்கவில்லை, வார்டுக்குப் போன் செய்துவிட்டார்கள். இரண்டரையைச் சுற்றி இருக்க வேண்டிய கால்சியம் நான்கைத் தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். உயிர் போகப் போகிறது என்றால் இவர்களுக்கு நன்றாக ஓட வருகிறது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இரண்டு கையிலும் உப்பு நீர் வேகமாக இறங்கியது. கால்சியத்தைக் கரைத்து வெளியேற்ற அதுதான் முதல் மருந்து. கால்சியத்தைச் சீக்கிரம் இறக்க ஓர் ஊசி, எலும்பு மேலும் அரிபடாமல் இருக்க ஒன்று, பிறகு ஸ்டீராய்டு. இரத்த நோய் நிபுணர் வந்தார், கண்டிப்பான சீனப் பெண்மணி. கையிலிருந்த கட்டைப் பார்த்து, “இது எதற்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். துணி காணாமல் போனது.

எனக்குத் தெளிவு வந்தபோது முதலில் கேட்டது அவர் குரல். மலாயில் சொன்னார்: “நீங்கள் வீட்டில் அவ்வளவு தண்ணீர் குடித்திருக்காவிட்டால் இங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டீர்கள்.” ஆக, எதைக் குற்றம் என்று எழுதினார்களோ அதுதான் என்னை அதுவரை காப்பாற்றியிருக்கிறது. அவர் வளைத்துப் பேசாதவர். புற்றுநோய் என்றார், குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்றார். சிறுநீரகம் இன்னும் இரண்டொரு நாளில் மீளாவிட்டால் டயாலிசிஸ் என்றார். மருத்துவமனை முழுக்க எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

இடுப்பு எலும்பில் ஊசி விட்டு மஜ்ஜையை உறிஞ்சினார்கள். மரத்துப்போக மருந்து போட்ட பிறகும், உறிஞ்சும் அந்த நொடியில் காலின் உள்ளிருந்து எதையோ பிடுங்குவது போல் இருந்தது. “கொஞ்சம் சங்கடமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். சங்கடமாம். எக்ஸ்ரே படத்தில் என் விலா, முதுகு, மண்டை எல்லாம் பூச்சி அரித்த பலகை.

மரணத்தைவிட எனக்கு டயாலிசிஸ் பயம். சாந்தி கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி வந்து அளக்கும் முன்னே இவள் குனிந்து அளவு பார்த்துவிடுவாள். “கொஞ்சம் ஏறியிருக்குங்க” என்பாள். ஏறாத போதும் அதையே சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நிபுணர் தாளைப் பார்த்துவிட்டு, “மெஷின் வேண்டாம்” என்றார். சாந்தி அந்தப் பையைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் குடியல்ல, எலும்பு என்று தெரிந்ததும் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு பால் மாவு டின். கால்சியம் அதிகம் உள்ள பால் மாவு! டின்னில் எழும்பி நிற்கும் எலும்புப் படம் வேறு. மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, “எலும்புக்கு நல்லதுண்ணே” என்றார்கள். நிபுணர் அந்த வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். குணா வந்தான். வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல அண்ணே, எலும்புலதான் பிரச்சனன்னு” என்றான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. வலி நிற்காமல் இருந்து, தாகம் தணியாமல், சிறுநீர் ஓயாமல் போய், மலம் இறுகி, பேச்சும் குழம்பினால், “கால்சியம் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உறவுக்காரன் விற்கும் மாத்திரையை அவனையே தின்னச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த இளம் டாக்டர் என் கட்டிலுக்குத் தனியாக வந்தாள்.

“அங்கிள், அன்னைக்கு ஆன்ட்டிகிட்ட கேட்டது நான்தான். தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். சாரி.”

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அதற்காக நான் இளகிவிடவில்லை.

“ஒன் சாரிய வச்சு நான் என்னா செய்றது? ஏன் நேரா கேக்கல?”

“பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு...”

“கேட்டா ஒன்னத் தின்னுருவாளா? பீரு குடிப்பாரா, பிராந்தி குடிப்பாரா, சாராயம் குடிப்பாரா. எங்க, சொல்லு.”

“இப்பவா அங்கிள்?”

“இப்பதான்.”

கோயிலில் மந்திரம் முணுமுணுப்பது போல் சொன்னாள்.

“காதுல விழல.”

இந்த முறை வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“போதும் விடுங்க, பச்சப்புள்ள” என்றாள் சாந்தி.

“பச்சப்புள்ளதான் என்னக் கட்டிப்போட்டுச்சு” என்றேன்.

மறுநாள் எதிர்க் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெரியவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பக்கத்தில் மகள். அந்த டாக்டர் வந்து நின்றாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமன்றத்தில் பேசுவது போல் கேட்டாள்:

“தாத்தா, நீங்க பீர், பிராந்தி, சாராயம் எதாச்சும் குடிப்பீங்களா?”

மகளுக்கு வந்ததே கோபம். “என்னா டாக்டர், எங்க அப்பாவப் பாத்தா அப்படியா தெரியுது?”

பெரியவர் கையை உயர்த்தி மகளை நிறுத்தினார்.

“நீ சும்மா இரும்மா. டாக்டர், தெனம் ரெண்டு பீரு. நாள்கிழமைன்னா மூனு. எழுதிக்கோ.”

“அப்பா!”

டாக்டர் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து மறுபடி என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிரிப்பதைப் பார்த்தால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.